போன நவம்பர் மான்கறி இன்னும் சாப்பிடலாமா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம், நவம்பர் நான்காவது வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள் நடக்கும். நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வருடா வருடம் அரை மானாவது கொடுத்துவிடுவார். இங்கே வேட்டைக் கறியை விற்கக் கூடாது, சும்மா கொடுக்கலாம். பத்து வருடமாக வாங்கி வாங்கி, இப்போது தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு மான்கறி கிடைத்தாலும் அடுத்த கோடையில் எனக்கு ஒரு படம் வரும்: "அண்ணே, இப்படி வெள்ளையா இருக்கு, தூக்கிப் போட்டுடவா?"

பாதிப் பேர் நல்ல கறியைக் குப்பையில் போடுகிறார்கள். மீதிப் பேர் குப்பையில் போட வேண்டியதைக் குழம்பு வைக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எல்லோரும் பொட்டலத்தில் உள்ள தேதியைப் பார்க்கிறார்கள், ஃப்ரீசரைப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மானையும் முயலையும் வேட்டையாடுவது குற்றம், கறியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஃப்ரீசரைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஆட்டுக்கறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால்: ஒரு தெர்மாமீட்டர்

ஃப்ரீசருக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஐந்தாறு டாலர்தான். அது இல்லாமல் கீழே உள்ளதில் பாதியைச் செய்ய முடியாது. மைனஸ் 18 செல்சியஸ், அதாவது 0 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். அந்தக் குளிரிலேயே தொடர்ந்து இருந்த கறியில் கிருமி பெருகாது. ஒரு வருடமானாலும் மூன்று வருடமானாலும் அது உடம்புக்கு ஆபத்தாக மாறுவதில்லை, ருசிதான் குறையும். எல்லோரும் சொல்லும் மாதக் கணக்கு ருசிக்கான கணக்கு: எலும்பில்லாத முழுத்துண்டு, காற்று போகாமல் கட்டியிருந்தால் ஒரு வருடம். கொத்துக்கறியும் ஈரலும் 3, 4 மாதம். சாசேஜ் 1, 2 மாதம்.

இந்தக் கணக்கைத் தாண்டினால் ருசி குறைந்திருக்கும், அவ்வளவுதான். மைனஸ் 18-இல் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

அறிகுறி 1: வெள்ளையாக, சாம்பலாக, காய்ந்த மரப்பட்டை மாதிரித் திட்டு

எனக்கு வரும் படங்களில் அதிகம் இதுதான். பூஞ்சை இல்லை, அழுகலும் இல்லை. குளிர்காற்று பட்டுக் கறியின் ஈரம் ஆவியாகிப் போன இடம். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. சக்கை மாதிரி இருக்கும்.

திட்டு ஓரத்தில் மட்டுமா? கரைப்பதற்கு முன்பே, அரை உறைவில், கத்தியால் சீவி எறியுங்கள். மிச்சம் நல்ல கறி. உள்ளே வரை போயிருக்கிறதா? வறுவலுக்கு உதவாது. இஞ்சி பூண்டும் மிளகும் கூட்டிப் போட்டு, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டுக் குழம்பாக்கினால் தப்பிக்கலாம். துண்டு முழுக்க வெளுத்து நார்நாராகத் தெரிந்தால் போட்டுவிடுங்கள். ஆபத்து என்று இல்லை, மெனக்கெடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

காரணங்களை மலிவானதிலிருந்து பாருங்கள். முதலாவது, கடையில் காய் போட்டுத் தரும் மெல்லிய பையில் கட்டியது. தடித்த ஃப்ரீசர் தாளோ வாக்யூம் பையோ வேண்டும். இரண்டாவது, வாக்யூம் பையில் ஓட்டை. இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. மட்டன் மாதிரி எலும்போடு வெட்டச் சொல்லி, அந்தக் கூரான எலும்பையே பையில் போடுவோம். எலும்பு குத்தி, ஊசிமுனை அளவுக்குக் காற்றுப் போகும். பொட்டலத்தைத் தூக்கிப் பாருங்கள். பை கறியோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருந்தால் ஓட்டை. எலும்புமுனையில் தாளை மடித்து வைத்துக் கட்டினால் அடுத்த வருடம் இது இருக்காது.

மூன்றாவது, ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசர். பனி கட்டாத மாடல்கள் தினமும் கொஞ்ச நேரம் உள்ளே சூடேற்றித்தான் பனியை உருக்குகின்றன. அந்த ஏற்ற இறக்கம் கறியைக் காய வைக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டிய கறிக்குக் கையால் பனி நீக்கும் பெட்டி ஃப்ரீசர்தான் சரி. கொஞ்சம் செலவு.

அறிகுறி 2: பைக்குள் பனித்தூள், அல்லது அடியில் சிவப்பு ஐஸ்

இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

வெள்ளைத் தூளாக, உதிரியாக இருந்தால் முன் அறிகுறியின் தம்பி. ஈரம் வெளியேறிப் பைக்குள்ளேயே உறைந்திருக்கிறது. பிரச்சினை இல்லை.

பையின் ஒரு மூலையில் சிவப்பு நீர் தேங்கித் தட்டையாக உறைந்திருந்தால், அல்லது தனித்தனியாக வைத்த பொட்டலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளைந்து கிடந்தால் நிற்க. அந்தக் கறி எப்போதோ கரைந்து மறுபடி உறைந்திருக்கிறது. முதல்நாள் உறையும் முன்பே வழிந்த நீராகவும் இருக்கலாம். அதனால் ஒரு பொட்டலத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல் நாலைந்தைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சிவப்பு ஐஸ் என்றால் ஃப்ரீசர் நின்று ஓடியிருக்கிறது. ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் திறந்து பாருங்கள். குழைந்து சுருங்கி அடியில் கட்டியாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எவ்வளவு நேரம் கரைந்திருந்தது என்று சொல்ல ஆள் இல்லையென்றால் போட்டுவிடுங்கள். முகர்ந்து பார்ப்பதெல்லாம் இங்கே உதவாது.

இனிமேலுக்கு ஒரு பழைய உபாயம்: ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு காசை வையுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது காசு மேலேயே இருந்தால் நிம்மதி. கப்பின் அடியில் உறைந்து கிடந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

அறிகுறி 3: ஃப்ரீசர் நின்றுபோய், கறி கரைய ஆரம்பித்திருக்கிறது

மூடியைத் திறக்காதீர்கள். மின்சாரம் போனபின் திறக்காத, நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். பனிப்புயலில் மின்சாரம் வர நாளாகும் என்று தெரிந்தால் உலர்பனி (டிரை ஐஸ்) வாங்குங்கள். 18 கன அடி நிறைந்த ஃப்ரீசரை 50 பவுண்டு உலர்பனி இரண்டு நாள் காக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மின்சாரம் வந்தபின் பொட்டலம் பொட்டலமாக:

உள்ளே ஐஸ் நெருநெருவென்று இருக்கிறதா, அல்லது தெர்மாமீட்டர் 4 செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே காட்டுகிறதா? மறுபடி உறைய வைக்கலாம். "ஒருமுறை கரைந்தால் திரும்ப ஃப்ரீஸ் பண்ணவே கூடாது" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். குளிர்ச்சி போகாத கறிக்கு அது பொருந்தாது. நீர் விட்டுக் கொஞ்சம் சக்கையாகும். நான் உறைய வைக்காமல் அன்றே சமைத்துவிடுவேன், குழம்பாக உறைய வைத்தால் இன்னும் நல்லது.

4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டதா? போட்டுவிடுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற வாதம் வேண்டாம். சில கிருமிகள் விட்டுவைக்கும் நஞ்சு கொதியில் போகாது.

அப்புறம், ஏன் நின்றது?

முதலில் பிளக். கராஜில் உள்ள பிளக்குகளில் பெரும்பாலும் சோதனைப் பொத்தான், மீட்புப் பொத்தான் என்று இரண்டு இருக்கும். ஈரத்தில் கரண்டு கசிந்தால் தானாக அணைந்துகொள்ளும் வகை. ஒரு மழைநாளில் அது அணைந்தது எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் நாற்றம் சொல்லித்தான். மானில் மூன்றில் ஒரு பங்கு அன்றைக்குக் குப்பைக்குப் போயிற்று. மீட்புப் பொத்தானை அழுத்தியும் மறுபடி மறுபடி அணைந்தால், இதே பொத்தான் வகையில் வேறொரு பிளக்கில் ஃப்ரீசரை மாட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அங்கேயும் அணைந்துவிட்டால் கோளாறு ஃப்ரீசரில். கரண்டு கசியும் ஃப்ரீசரை எக்ஸ்டென்ஷன் கம்பியில் ஓட்டிச் சமாளிக்காதீர்கள்.

அறிகுறி 4: ஃப்ரீசர் ஓடுகிறது, கறி மட்டும் கல் மாதிரி இல்லை

விரலால் அழுத்தினால் அமுங்குகிறது, அல்லது தெர்மாமீட்டர் மைனஸ் 10-க்குக் கீழே இறங்கவில்லை. வரிசையாகப் போங்கள்.

*ஒரே நாளில் மொத்தமும் உள்ளே போட்டீர்களா?* வீட்டு ஃப்ரீசர் ஒரு கன அடிக்கு 2, 3 பவுண்டுதான் ஒரு நாளில் உறைய வைக்கும். 7 கன அடிப் பெட்டி என்றால் 20 பவுண்டு. எலும்பு நீக்கிய ஒரு மான் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். மொத்தத்தையும் அடுக்கினால் நடுவில் இருப்பது இரண்டு நாள் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்தநாள் போடுங்கள், பொட்டலங்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.

*கதவு ரப்பர்.* ஒரு டாலர் நோட்டை இடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. முதலில் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், பெரும்பாலும் ஒட்டிய இரத்தமும் அழுக்கும்தான். கிழிந்திருந்தால் அந்த மாடலுக்கான ரப்பரை வாங்கி நீங்களே மாட்டலாம்.

*பனிப்பாறை.* சுவரில் கால் அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் அணைத்து உருக்குங்கள். கத்தியால் குத்த வேண்டாம். உள்ளே ஓடும் குழாயில் பட்டால் ஃப்ரீசர் முடிந்தது.

*பின்பக்கத் தூசி.* பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுருள்குழாயில் (காயில்) உள்ள தூசியை உறிஞ்சி எடுங்கள். நாய் வளர்க்கும் வீடு என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

*ஜனவரி மர்மம்.* புதிதாகக் குடிவந்தவர்கள் யாரும் நம்பாத கோளாறு இது. பழைய ஃப்ரிட்ஜைக் கராஜில் போட்டிருக்கிறீர்கள். வெளியே மைனஸ் 15. ஆனால் ஃப்ரீசர் தட்டில் கறி மெத்தென்று இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகவில்லை. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் குளிரை அளக்கும் கருவி கீழே காய்கறி வைக்கும் பகுதியில் இருக்கிறது. கராஜே 3, 4 டிகிரியில் கிடந்தால், அந்தக் கருவி "போதுமான குளிர் இருக்கு" என்று கம்ப்ரசரை ஓட்டுவதே இல்லை. மேலே ஃப்ரீசரும் மெல்ல மெல்ல அந்த 3, 4 டிகிரிக்கே வந்துவிடும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் இது சரியாகாது. ஃப்ரிட்ஜை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள், அல்லது கராஜுக்கென்றே செய்த மாடல் வாங்குங்கள். ஃப்ரீசர் மட்டுமேயான பெட்டிக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

*டிக் டிக் சத்தம்.* சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டிக், கொஞ்ச நேரம் உறுமல், பிறகு அமைதி. கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலே போயிருக்கலாம். விலை குறைந்த பாகம். கைப்பழக்கம் உள்ளவர் மாற்றிவிடலாம், மற்றவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

*கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது, சுவரின் ஒரு மூலையில் மட்டும் பனி.* குளிர்வாயு கசிகிறது. இதற்கு மேல் நீங்கள் கை வைக்கக் கூடாது. அந்த வாயுவைக் கையாள அமெரிக்காவில் இ.பி.ஏ. (சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சான்றிதழ் உள்ளவர் வேண்டும். கூப்பிடும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். சின்னப் பெட்டி ஃப்ரீசருக்கு இந்த வேலையைச் செய்யும் கூலியைவிடப் புதிய ஃப்ரீசர் பெரும்பாலும் மலிவு.

அறிகுறி 5: சிக்கு வாடை, சாப்பிட்டால் மேலண்ணத்தில் மெழுகு

"மான்கறின்னாலே இப்படித்தான் கவிச்சி அடிக்கும்" என்று பலர் ஒதுக்கிவிடுவது இதனால்தான். மான்கறி பாவம், குற்றவாளி கொழுப்பு. மான் கொழுப்பு சீக்கிரம் இறுகும், மெழுகு போல வாயில் ஒட்டும். ஃப்ரீசரிலும் காற்றுப்பட்டுக் காறிப்போகும், குளிர் அதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. ஆட்டுக்கறியில் கொழுப்பைத் தேடி வாங்குகிற நாம், மானில் அதைத் தேடி எறிய வேண்டும்.

சோதனை: கரைந்த துண்டின் ஓரத்தில் உள்ள வெள்ளைக் கொழுப்பை மட்டும் சீவி முகருங்கள், பிறகு உள்கறியை முகருங்கள். கொழுப்பில் மட்டும் பழைய பலகாரச் சட்டி எண்ணெய் வாடை என்றால், கொழுப்பையும் சவ்வையும் முழுக்க உரித்துவிட்டுச் சமையுங்கள். கொத்துக்கறியில் வாடை என்றால் பிரிக்க முடியாது. கறி வெட்டிக் கொடுக்கும் இடங்களில் மான் கொத்துக்கறியோடு பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ கலந்து தருவார்கள். பன்றிக் கொழுப்பு இன்னும் சீக்கிரம் காறும். ஆறு மாதத்துக்கு மேல் வைக்கப்போவதாக இருந்தால் "கொழுப்புக் கலக்காதீர்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். கோலா உருண்டைக்கு எப்படியும் பொட்டுக்கடலை போட்டுத்தானே பிடிக்கப்போகிறோம்.

இன்னொரு நம்மூர்ப் பழக்கம்: உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி அப்படியே ஃப்ரீசரில் போடுவது. உப்பு, கொழுப்பைச் சீக்கிரம் காற வைக்கும். சாசேஜுக்கு ஆயுசு குறைவதற்கும் இது ஒரு காரணம். வெறும் கறியாக உறைய வையுங்கள், மசாலாவைக் கரைத்தபின் தடவுங்கள்.

அறிகுறி 6: கரைத்துப் பையைத் திறந்ததும் நாற்றம்

வாக்யூம் பையைத் திறந்ததும் லேசான புளித்த வாடை, கறி கத்தரிக்காய் நிறத்தில் இருட்டாக இருக்கிறது: பயப்படாதீர்கள். காற்றில்லாமல் அடைந்து கிடந்த வாடை. தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நிறம் சிவந்து வாடை போனால் நல்ல கறி.

அரைமணி கழித்தும் போகவில்லை, கழுவினாலும் வழவழப்பு ஒட்டுகிறது, அல்லது கரையும்போதே பை உப்பியிருந்தது: போட்டுவிடுங்கள். இதில் இரண்டாம் பேச்சே கிடையாது.

எலும்பையொட்டி மட்டும், தொடைச்சந்தில் அழுகல் வாடை: ஃப்ரீசர் குற்றமில்லை. சுட்ட மானை உடனே குளிர வைக்காமல் விட்டிருக்கிறார்கள். தொடையெலும்புச் சூடு கடைசியில்தான் தணியும், அங்கேதான் முதலில் கெடும். கெட்டதை உறைய வைத்தால் கெட்டது கெட்டபடியே இருக்கும். அந்தத் துண்டு முழுவதையும் போட்டுவிட்டு, கொடுத்தவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் அதே மான்தான் இருக்கிறது.

சமையல் மேடையில் இரவெல்லாம் வைத்துக் கரைத்தீர்களா? அதுவே காரணமாக இருக்கலாம். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அவசரமென்றால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றும் குளிர்ந்த தண்ணீரில். வாக்யூம் பை என்றால், ஃப்ரிட்ஜில் வைக்கும்போதே அதன் ஓரத்தைக் கிழித்துவிடுங்கள்.

அறிகுறி 7: அறிகுறியே இல்லை

மூக்குக்கும் கண்ணுக்கும் அகப்படாதவை மூன்று. இவற்றில் ஃப்ரீசர் எதையும் சரிசெய்வதில்லை.

*சி.டபிள்யு.டி.* மானின் மூளையைத் தின்னும் நோய். விஸ்கான்சின் காட்டு மான்களில் 2002-இல் தெரியவந்தது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. அதை உண்டாக்கும் புரதம் குளிருக்கும் அழியாது, குக்கருக்கும் அழியாது. மாநிலத்தின் இயற்கைவளத் துறை இலவசமாகச் சோதிக்கிறது. கொடுத்தவரிடம் "டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், இங்கே அது சாதாரணக் கேள்வி. முடிவு வரும்வரை அந்தப் பொட்டலங்களைத் தனிப் பையில், எந்த மான் என்று எழுதி வையுங்கள். பல மான்களின் கறியைச் சேர்த்து அரைக்காமல் உங்களுடையதை மட்டும் அரைக்கச் சொல்லுங்கள். தண்டுவட எலும்பும் தலையும் வேண்டாம். தலைக்கறிப் பிரியர்கள் மன்னிக்க.

*ஈயம்.* குண்டு சிதறினால் துகள் ஒரு சாண் தள்ளிக்கூடப் போகும், பல்லில் படாத அளவுக்குப் பொடியாக. கொத்துக்கறியில்தான் அதிகம் கலக்கும். வடக்கு டகோட்டாவில் 2008-இல் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் இதைக் கண்டுபிடித்து, யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புக்குண்டால் சுட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு வேண்டாம்.

*கரடி.* மான் கொடுத்தவர் ஒருநாள் கரடியும் கொடுப்பார். "ஒரு மாசம் ஃப்ரீசர்ல இருந்தது, புழு செத்திருக்கும்" என்பார். பன்றிக்கறியில் வரும் புழுவுக்கு அது சரி. வடக்குக் கரடிகளில் இருக்கும் வகை குளிர் தாங்கும். 2022-இல், கனடாவின் சஸ்காச்சுவானில் சுட்ட கரடியை 45 நாள் உறைய வைத்து, கபாப் போட்டு, தெற்கு டகோட்டாவில் கூடிய ஒரு குடும்பத்தில் ஆறு பேர் படுத்தார்கள். அதில் இரண்டு பேர் கரடியையே தொடவில்லை, கூடவே வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். கரடி, காட்டுப்பன்றி, எந்த வேட்டைக் கொத்துக்கறியாக இருந்தாலும் உள்ளே 71 செல்சியஸ், பறவைக்கு 74. குழம்பும் சுக்காவும் இதை எளிதாகத் தாண்டும். பயம் கபாபிலும் கிரில்லிலும்தான்.

கரடி சாப்பிட்ட ஓரிரு நாளில் வயிற்றைக் கலக்கி, சில வாரம் கழித்துக் காய்ச்சல், தசைவலி, கண்ணிமை வீக்கம் என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். கரடி சாப்பிட்டதை அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நம் பெயரையும் முகத்தையும் பார்த்து யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.